குழந்தையின் மூக்கில் ஊதிய மூச்சு

எனக்கு எழுபத்திரண்டு வயது நடக்கிறது. பெற்றது ஏழு, வளர்த்து ஆளாக்கியது ஆறு. மூன்று ஆண், மூன்று பெண். அது போக, ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் லைனிலும் அடுத்த லைனிலும் பிறந்த பச்சைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் என் காலில் கிடந்து குளித்தவைதான். ராணுவ வண்டி செய்யும் தொழிற்சாலையில் என் வீட்டுக்காரர் மரியதாஸ் ஃபிட்டராக இருந்தார். மதுரைக்காரர்கள், நெல்லைக்காரர்கள், வேலூர்க்காரர்கள் என்று ஊர் ஊராக வந்து சேர்ந்த இடம் அது. சொந்த அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாத சின்னப் பெண்கள் எல்லாம் பிரசவம் ஆனதும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட என்னிடம் இருப்பது அந்த ஒரு வேலை.

மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். ஜெபப் புத்தகத்தை விரல் வைத்துப் படிப்பேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். அதனால் இதில் கொஞ்சம் நானே எழுதியது, மீதி நான் சொல்லச் சொல்ல என் மகன் அந்தோணியின் மகள் ரோஸ்லின் எழுதியது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் பிளேக் பீதி வந்ததே, அப்போது விமானத்தில் நோயாளியாக வந்து இறங்கிய கிழவி நான்தான். அதை என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அவரவர் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

என் கடைசி மகள் அமலா பம்பாயில் செம்பூரில் இருக்கிறாள். இரண்டாவது பிரசவம். தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்தவள், இந்த முறை படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வரமுடியவில்லை. நான் ரயிலேறிப் போனேன். ஆண் குழந்தை. சேவியர் என்று பெயர் வைப்பதாக முடிவு செய்திருந்தார்கள். ஞானஸ்நானம் இன்னும் ஆகவில்லை.

அவனைத் தினமும் நான்தான் குளிப்பாட்டினேன். பலகையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, குழந்தையை முழங்காலுக்குக் கீழே கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, கடைசியில் அவன் மூக்கில் என் வாயை வைத்து ஊதுவேன். மூக்கில் ஏறின தண்ணீரும் சளியும் அப்படித்தான் வெளியே வரும். பிறகு காதில் ஒரு ஊது, உச்சியில் ஒரு ஊது. என் அம்மா எனக்கு ஊதினாள். நான் ஆறு பேருக்கும் ஊதினேன். ஊதாமல் துடைத்துவிட்டால் குளிப்பாட்டின மாதிரியே எனக்கு இராது.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும்போது சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்தது. எலியால் வருகிற கொள்ளை நோய். பம்பாயிலும் ஜனங்கள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். மருந்துக் கடையில் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று என் மாப்பிள்ளை பீட்டர் வெறுங்கையோடு வந்தார். மழைத் தண்ணீர் தெருவில் நின்றுகொண்டிருந்தது. எலி ஓடின தண்ணீரில் செருப்போடு நடக்கக்கூடாது என்று எல்லோருக்கும் மூடின ஷூ வாங்கி வந்தார். என் ஆயுசில் முதல்முதலாக ஷூ போட்டேன். இரண்டாம் நாளே சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தோல் பிய்ந்து புண்ணாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஷூ போடத் தெரியாத கிராமத்துக்காரி என்று நினைத்துவிட்டால்?

"அத்தே, ரயில்ல கூட்டம் நெரியுது. யார் யாரோ எங்கெங்கேயிருந்தோ ஏறி ஓடறாங்க. நீங்க பிளேன்ல போயிடுங்க. ரெண்டு மணி நேரத்துல மெட்ராஸ்" என்றார் மாப்பிள்ளை.

டிக்கெட்டும் வந்துவிட்டது. புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எனக்குக் குளிர் எடுத்தது. இடது தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. எனக்கு அது புதிதல்ல. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இரண்டு காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து, இதுதான் கடைசித் தடவை என்று குழந்தையைக் குளிப்பாட்டினேன். மூக்கில் ஊதினேன். மறுபடியும் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பினேன். விமான நிலையத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். நெற்றி ஜில்லென்று இருந்தது. போகலாம் என்று கையைக் காட்டினார்.

மேகத்துக்கு மேலே போகும்போது மாத்திரை தன் வேலையை முடித்துக்கொண்டது. முதுகில் குளிர் ஏறியது. தாடை கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. பக்கத்துச் சீட்டுக்காரர் தமிழர்தான், டை கட்டியிருந்தார்.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"ஏசி குளிருதுப்பா. வேற ஒண்ணுமில்ல."

சொல்லி வாயை மூடவில்லை, வாந்தி எடுத்துவிட்டேன். அவர் சீட்டின் மேலேயே ஏறி நின்றுகொண்டார். "ஹலோ! யாராச்சும் வாங்க! இந்தம்மாவுக்கு ஜுரம்! பாம்பேல இருந்து வர்றாங்க!"

ஓடி வந்த விமானப் பணிப்பெண், "நாம எல்லாருமே பாம்பேல இருந்துதான் சார் வர்றோம். கொஞ்சம் கீழ இறங்குங்க" என்றாள். அவள்தான் ரேவதி. ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் வீடு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெண் செய்ததை எல்லாம் எனக்குக் குளிர் நடுக்கத்திலும் ஞாபகம் இருக்கிறது. முதலில் தன் மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டாள். கையில் பிளாஸ்டிக் பைகளை மாட்டி மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டாள். என் வாயிலும் ஒரு துணியைக் கட்டினாள். கைத்தாங்கலாகக் கடைசி வரிசைக்கு நடத்திக்கொண்டு போய், எனக்கு முன்னால் மூன்று வரிசையைக் காலி செய்ய வைத்தாள். பின்னால் இருந்த கக்கூஸை எனக்கென்று ஒதுக்கிவிட்டாள். என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் பெயரையும் விலாசத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். ஆட்கள் கத்தினார்கள். ஒரு அம்மாள் விமானத்தைத் திருப்பச் சொன்னாள். ரேவதி யாரையும் எதிர்த்துக் கத்தவில்லை. என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"பாட்டி, உங்க பேரு?"

"பாட்டின்னு கூப்பிடாத. சூசையம்மாள்."

"சரிங்க சூசையம்மா. எப்பலேருந்து ஜுரம்?"

"இப்பத்தான்."

"கக்கத்துல, தொடை இடுக்குல, கழுத்துல எங்கயாச்சும் கட்டி இருக்கா?"

"ச்சீ, அதெல்லாம் ஒண்ணும் கிடையாது."

பொய். கட்டி இருந்தது. ஒரு சின்னப் பெண்ணிடம், அதுவும் ஆம்பளைகள் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், எந்த இடத்தில் என்று சொல்வேன்?

மீனம்பாக்கத்தில் இறங்கியதும் மற்றவர்களை உள்ளேயே உட்கார வைத்தார்கள். மூக்கை மூடின ஒரு டாக்டர் ஏறி வந்து பார்த்தார். ஆம்புலன்ஸ் விமானத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. என் வாந்தி ரேவதியின் சேலையில் பட்டிருந்ததால் அவளும் என்னோடு ஏற வேண்டியதாயிற்று. அந்தோணி என்னை அழைத்துப் போக வாசலில் காத்துக்கொண்டிருந்தான். என்னை அவன் கண்ணில்கூடக் காட்டவில்லை.

தொற்று நோய்க்காரர்களுக்கென்று உள்ள அரசாங்க ஆஸ்பத்திரி அது. நீளமான வார்டு. அதில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு கட்டிலுக்கும் நடுவே பத்தடி இருக்கும். ஜன்னலில் கொசுவலைக் கம்பி. ரத்தம் எடுத்தார்கள், சளி எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பில் ஊசி போட்டு, மாத்திரையும் கொடுத்தார்கள். பிளேக்தானா என்று தெரிவதற்கு முன்பே அதற்கான மருந்தைக் கொடுத்துவிடுவார்களாம். தெரிகிற வரைக்கும் காத்திருந்தால் ஆள் போய்விடும்.

எங்களைப் பார்த்தது ஒரு டாக்டரம்மா. முகத்தில் கண் மட்டும்தான் தெரியும். நல்ல கண். கட்டி உண்டா என்று அவர் கேட்டபோதும் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அம்மா, பாம்பேல யார் யாரோட நெருங்கி இருந்தீங்க? யார் மேலயாவது இருமினீங்களா? மூச்சு படற மாதிரி யாரையாவது தூக்கினீங்களா?"

"மக வீட்டுல இருந்தேன். மக, மருமகன், அவ்வளவுதான்."

குழந்தையைச் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மாதப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய் எங்கேயாவது அடைத்துவிடுவார்கள் என்று பயம். இதே மாதிரி ஒரு வார்டில், முகம் தெரியாத ஆட்கள் நடுவில் அவன் கிடந்து கத்துவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலையில் வார்டு ஆயா கன்னியம்மா எனக்கு உடம்பு துடைக்க வந்தாள். முகமூடியை மோவாய்க்குக் கீழே இறக்கிவிட்டிருந்தாள். அதைப் போட்டுக்கொண்டால் வெற்றிலை போட முடியவில்லையாம். வேண்டாம் வேண்டாம் என்று நான் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அவளா விடுவாள்?

"இன்னாம்மா இது! எலுமிச்சங்கா கணக்கா வீங்கிக்கீது! எத்தினி நாளா கீது?"

"சும்மா இரு. சத்தம் போடாத."

"டாக்டரம்மா கேட்டப்ப இல்லேன்னு தலைய ஆட்டினியே, நல்ல ஆளும்மா நீ! யம்மா, டாக்டரம்மா! இங்க வந்து பாரு!" முகமூடி சட்டென்று மூக்குக்கு மேலே ஏறிவிட்டது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். கண் மாறியதைப் பார்த்தேன். ஒன்றும் திட்டவில்லை. ஒரு ஊசியைக் கட்டிக்குள் விட்டு ஒரு சொட்டு நீரை இழுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக்கொண்டு போனார்.

"அது எதுக்கு ரேவதி?" என்று கேட்டேன்.

அவளுக்கு அதுவரை காய்ச்சல் எதுவும் இல்லை. கட்டிலில் சம்மணம் போட்டுத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொன்னாள். "அந்தத் தண்ணியில பிளேக் கிருமி இருக்கான்னு வளத்துப் பாப்பாங்களாம். மூணு நாலு நாள் ஆகும். கட்டி மட்டும் இருந்தா அவ்வளவா பரவாதாம்மா. அதுவே நெஞ்சுல இறங்கிடுச்சுன்னா மூச்சுக் காத்துலயே ஒட்டிக்குமாம். உங்களுக்கு எக்ஸ்ரேல நெஞ்சு தெளிவா இருக்காம். பயப்படாதீங்க."

"மூச்சுக் காத்துன்னா... ஊதினா?"

"ஊதறதா? யாரு எதுக்கு ஊதப் போறாங்க?"

அவள் சடையைப் பாதியில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சூசையம்மா. யார ஊதினீங்க?"

அழுதுவிட்டேன். வீட்டுக்காரர் இறந்தபோதுகூட ஆட்கள் முன்னால் அப்படி அழுதவள் இல்லை. காய்ச்சலோடு, நெறி கட்டியிருந்தபோதே, குழந்தையின் மூக்கில் வாயை வைத்து ஊதினேன் என்று சொன்னேன். "சளி வெளிய வரட்டும்னு ஊதினேன்டி. எங்கிட்ட இருந்தத எல்லாம் உள்ள அனுப்பிட்டேனே!"

ரேவதி எழுந்து கதவைத் தட்டி டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அவர் கட்டில் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். குழந்தைக்கு எத்தனை நாள், கடைசியாக ஊதியது எந்த வேளை, அப்போது காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

"பெரியவங்களுக்குக் குடுக்கிற மருந்து எல்லாத்தையும் பச்சைக் குழந்தைக்குக் குடுக்க முடியாதும்மா. அதனால குழந்தைங்க டாக்டர் ஒருத்தர் பக்கத்துல இருந்து பாக்கணும். இன்னிக்கே. இப்ப சொன்னது நல்லதாப் போச்சு."

"பிள்ளைய தாயிட்டயிருந்து பிரிச்சிடுவாங்களா?"

"தாய்ப்பால் குடிக்கிற குழந்தையை எங்கம்மா பிரிக்கறது? அம்மாவும் கூடவே இருப்பாங்க."

இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பயந்துதான் ஒரு நாளைத் தொலைத்தேன்.

செம்பூரில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம்தான் ஃபோன். கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை. பம்பாய்க்கு எல்லா லைனும் அடைத்துக்கொண்டிருந்தது, ஊரே ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ரேவதிதான் வழி கண்டுபிடித்தாள். நம்பரைச் சொல்லி, டாக்டரம்மாவை விட்டே ஆஸ்பத்திரி ஃபோனில் விமான நிலையத்தில் இருந்த தன் தோழியைக் கூப்பிட வைத்தாள். டாக்டரம்மா சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். அன்று சாயங்கால விமானத்தில் பம்பாய்க்குப் போகிற இன்னொரு பணிப்பெண்ணின் கையில் அந்தக் காகிதம் போனது. அவள் இறங்கினதும் ஆட்டோ பிடித்து நேரே செம்பூருக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. பெயர்கூட ரேவதி சொல்லித்தான் தெரியும், நளினி. என் ஜெபத்தில் இன்றைக்கும் அந்தப் பெயர் உண்டு.

மறுநாள் மத்தியானம் அதே வழியாகப் பதில் வந்தது. குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது, மூக்கு ஒழுகுகிறது, அமலாவோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

அதைக் கேட்ட பிறகு என் காய்ச்சலைப் பற்றி எனக்கு நினைப்பே இல்லை. சோறு இறங்கவில்லை. செபமாலை உருட்டினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. எனக்குப் பிளேக் இருக்கக்கூடாது என்று கேட்டேன், அது எனக்காக இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே அந்தோணியின் குரல் கேட்கும். உள்ளே விடமாட்டார்கள். ஆவடியிலிருந்து மின்சார ரயில் பிடித்து, பஸ் மாறி, தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, ஜன்னலுக்கு எதிரே மதில் ஓரம் நின்று கத்துவான்.

"அம்மா! சாப்டியா? வெளிக்குப் போனியா?"

"ஏன்டா, மெட்ராஸ் பூரா கேக்கட்டும்னு கத்துறியா?"

"கேக்கட்டுமே! ஸ்டெல்லா ரசம் குடுத்துருக்கா! மொளகு ரசம்!"

ஸ்டெல்லா அவன் மனைவி. ரோஸ்லினின் அம்மா. எனக்கும் அவளுக்கும் அந்த நாளில் பேச்சு வார்த்தை அளவோடுதான். உள்ளே போகிற பாத்திரம் வெளியே வராது என்று காவல்காரர் அவனிடம் முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் ஏதாவது உடைசல் பாத்திரத்தில்தான் அனுப்புவார்கள் என்று நினைத்தேன். கன்னியம்மா கொண்டுவந்து வைத்ததைப் பார்த்தால் மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர். மூடியில் ஸ்டெல்லா என்று பேர் வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கு அவள் அம்மா வாங்கிக் கொடுத்தது. அலமாரியை விட்டுக் கீழே இறக்கமாட்டாள், என்னைத் தொடவும் விடமாட்டாள். வராது என்று தெரிந்தே அதில் போட்டு அனுப்பியிருக்கிறாள். சூடு ஆறாமல் இருக்க வேறு பாத்திரம் இல்லை என்றாளாம். அன்றைக்கு அந்த ரசத்தைக் குடித்தேன். குடிக்காமல் இருக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா வந்து என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நடுவில் ஷூ கடித்த புண்ணைப் பார்த்தார். கட்டியிலிருந்து தொடை வழியாகக் கீழே ஒரு சிவப்புக் கோடு இறங்கியிருந்தது. விரலால் அதைத் தொட்டுக்கொண்டே போனார்.

"அம்மா, இந்த மாதிரி குளிர் ஜுரமும் நெறியும் முன்னாடி வந்திருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க ஒன்றுமில்லை. மழைக்காலத்துக்கு மழைக்காலம் வரும். இருபது வருஷமாக வருகிறது. மூன்று நாள் உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, தலைவலி என்று சொல்லிப் படுத்திருப்பேன். வீட்டுக்காரருக்கே தெரியாது. எங்கள் பக்கமெல்லாம் சாக்கடையும் கொசுவும் அதிகம். யானைக்கால் ஆபீஸிலிருந்து ஆட்கள் டார்ச் லைட்டோடு வீடு வீடாக வந்து விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் அவர்கள் கால் வைத்ததில்லை. "இந்த வீட்டுல அந்த மாதிரி சீக்கெல்லாம் கிடையாது, அடுத்த வீட்டுக்குப் போங்க" என்று விரட்டுவேன். எனக்கு மூன்று பெண்கள். அம்மாவுக்கு யானைக்கால் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் பெண் கேட்டு எவன் வருவான்? மூன்று பேரையும் கட்டிக்கொடுத்த பிறகும் விரட்டினேன். பழகிப்போய்விட்டது.

குழந்தை விஷயத்தைச் சொல்லிவிட்ட வாய்க்கு இதைச் சொல்வது கஷ்டமாக இல்லை. எல்லாம் சொன்னேன். டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முதல் தடவையாக அவர் கண் சிரித்தது.

"இத நீங்க வந்த அன்னிக்கே சொல்லியிருந்தா, அந்த ஊசி குத்தறதுக்கு முன்னாடியே நான் வேற மாதிரி யோசிச்சிருப்பேன்."

பிறகு விளக்கினார். யானைக்கால் கொசுவால் வருவது. கொசு கடிக்கும்போது நூலை விட மெல்லிசான ஒரு புழு உடம்புக்குள் போய், நெறி கட்டுகிற இடத்தில் குடியிருக்கும். காலில் புண் பட்டால் அந்த இடம் சீறிக்கொண்டு குளிர் ஜுரம் வரும், கட்டி வீங்கும். அதன் குஞ்சுகள் பகலில் உள்ளே ஒளிந்துகொள்ளும், ராத்திரியில்தான் ரத்தத்தில் வெளியே ஓடும். அதனால்தான் அந்த ஆட்கள் டார்ச்சோடு வருகிறார்கள். வேலையற்றவர்கள் என்று நினைத்திருந்தேன்.

அன்று ராத்திரி கன்னியம்மாதான் என்னை எழுப்பிவிட்டாள். "எய்ந்திரு, உன் ஊட்டுப் புயுவ பாக்க ஆளு வந்துகீறாங்க." விரலில் குத்தி இரண்டு கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவிக்கொண்டு போனார்கள்.

விடிந்ததும் டாக்டரம்மா வந்தார். "இருக்கும்மா. நெளியுது. நானே பாத்தேன்."

"ஆண்டவரே, ஸ்தோத்திரம்!" என்று கையைக் கூப்பினேன்.

கன்னியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "யானக்காலுன்னு சொல்றாங்கோ, சாமிக்கு ஸ்தோத்திரம் சொல்லுது பாரு இந்தம்மா! எங்க தெருவுல இத கேட்டா ஊட்ட உட்டே ஓடிடுவாளுங்க!"

கொசு கடித்து வருவது மூச்சில் போகாது. அதுதான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் டாக்டரம்மா சந்தோஷப்பட விடவில்லை. புழு இருப்பதால் பிளேக் இல்லை என்று ஆகிவிடாது, இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், கட்டியில் எடுத்த நீரின் முடிவு வரட்டும் என்றார். இன்னும் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் ரேவதி எனக்குச் சீட்டாட்டம் கற்றுக்கொடுத்தாள். பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு சீட்டாடுவது எப்படி என்று கேட்காதீர்கள். அவள் என் சீட்டையும் சேர்த்து ஆடினாள், தோற்றதெல்லாம் நான்.

"உனக்கு எங்கூட அடைஞ்சு கிடக்கறது கோவமா இல்லையா?" என்று கேட்டேன்.

"கோவந்தான். கட்டி இல்லன்னு பொய் சொன்னீங்களே, அப்பவே தெரிஞ்சிருந்தா ரெண்டு கைக்குட்டையா கட்டியிருப்பேன்" என்றாள். பிறகு, "எங்கம்மாவும் இப்படித்தான், சூசையம்மா. கேட்டா ஒண்ணுமில்லம்பாங்க" என்றாள்.

முடிவு வந்தது. பிளேக் கிருமி இல்லை. டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிவிட்டுத்தான் அதைச் சொன்னார். மூக்குத்தி போட்டிருந்தார். அவ்வளவு நாளும் எனக்கு அது தெரியாது.

பம்பாய்க்கு அந்தப் பெண்கள் வழியாகவே சேதி போனது. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி ஃபோனில் என்னைக் கூப்பிட்டார்கள். அமலா. லைனில் கரகரவென்று சத்தம்.

"அம்மா, அவனுக்கு வெறும் ஜலதோஷந்தாம்மா. சூடு எறங்கிடுச்சு. நாளைக்கு வீட்டுக்குப் போறோம்."

"நான் ஊதினதால வந்ததாடி?"

"தெரியலம்மா. டாக்டர் இனிமே ஊத வேணாம்னாரு. துணியால துடைச்சாப் போதுமாம்."

"வேணாம். ஊத வேணாம்" என்றேன். நாற்பது வருஷ வழக்கத்தை அந்த இடத்திலேயே விட்டேன்.

மூச்சுக்கும் கட்டிக்கும் பயந்து எங்கள் லைனில் என் வீட்டு வாசலுக்குக் குறுக்கே யாரோ பிளீச்சிங் பவுடரால் கோடு போட்டிருந்தார்கள். நான் வந்து இறங்கியபோது ஸ்டெல்லா அந்தக் கோட்டின் மேலேயே நின்று, தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். கேரியரைக் கன்னியம்மா பெரிய அண்டாவில் போட்டு வேகவைத்து, காவல்காரரிடம் சண்டை போட்டு என் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். பளபளப்பு போய்க் கறுத்திருந்தது. ஸ்டெல்லா வாங்கிப் பார்த்தாள். அலமாரியில் வைக்கவில்லை. அன்று முதல் அடுப்படியில் புழக்கத்துக்கு எடுத்துவிட்டாள்.

யானைக்கால் மாத்திரை சாப்பிட்டேன். முதலில் தலை சுற்றியது, பிறகு பழகியது. காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி விரல் நடுவில் ஈரம் இல்லாமல் துடைக்கிறேன். வீக்கம் கொஞ்சம் உண்டு. மறைக்கிறது இல்லை. டார்ச் லைட்டோடு ஆட்கள் வந்தால் நான்தான் முதலில் வாசலுக்குப் போய் விரலை நீட்டுகிறேன். பிறகு லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். கதவைச் சாத்திக்கொள்கிற வீட்டுக்கு நானே போகிறேன். கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிற வீட்டில்தான் அதிக நேரம் உட்கார்ந்து பேசுகிறேன். அவர்களுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும்.

குழந்தைகளை இன்னும் குளிப்பாட்டுகிறேன். கடைசியில் வாய் தானாகக் குவியும். அடக்கிக்கொண்டு துணியை எடுப்பேன்.

சேவியருக்கு இப்போது ஐந்து வயது. லீவுக்கு வந்திருக்கிறான். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இங்கேதான் என் காலடியில் உட்கார்ந்து, வீங்கின காலை விரலால் அமுக்கி, குழி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். மூக்கு ஒழுகுகிறது. ரோஸ்லின், அந்தத் துணியை எடுத்து அவனிடம் கொடு. அவனே சிந்தட்டும். சிந்தினானா? சரி, இப்போது முதல் வரியிலிருந்து படி. நான் அழுத இடம் வந்தால் தாண்டிப் போகாதே, அதையும் படி. சத்தமாகப் படி, அவனும் கேட்கட்டும்.